எந்த "இல்லை" என்று கேளுங்கள், தம்பி

வாசகர் கேள்வி:

மேடம், நான் பினாங்கு மாநிலம் பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 58 வயது. இனிப்புநீர், ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் உண்டு. அரசாங்க கிளினிக்கில்தான் மாதாமாதம் மருந்து எடுக்கிறார். மூன்று மாதமாக ஒரே தொல்லை. ஒரு தடவை பிரஷர் மாத்திரை 14 நாளுக்குத்தான் கொடுத்தார்கள். அடுத்த தடவை "இல்லையாம்" என்று அம்மா வெறுங்கையோடு வந்தார். அப்புறம் கொடுத்தது வேறு நிறம். நடுவில் நான் வெளி ஃபார்மசியில் வாங்கினேன். கிளினிக் பையில் 4 என்று இருக்கிறது, வாங்கிய பெட்டியில் 5 என்று இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன். அம்மா எதையும் நம்பாமல், இருப்பதைக் கத்தியால் பாதியாக்கிப் போடுகிறார். போன வாரம் பிரஷர் 168/94. ஒரு வெள்ளி கட்டணக் கிளினிக்குக்குப் போய்வர கிராப் காருக்கு 18 வெள்ளி ஆகிறது. அடுத்த தேதி செவ்வாய்க்கிழமை, அன்று எனக்குக் காலை ஷிப்ட். அரசாங்கத்திடம் மருந்து வாங்கப் பணம் இல்லையா? நம் ஆட்கள் என்பதால் ஒதுக்குகிறார்களா? தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர் மூலம் மொத்தமாக வாங்கி வைத்துவிடலாமா?

பதில்:

தம்பி, முதலில் அந்தக் கத்தியை அம்மா கையிலிருந்து வாங்கி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் 26 வருடம் அரசாங்க மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள். மருந்து தீர்ந்துபோனதால் வந்த கெடுதலைவிட, தீர்ந்த அந்தப் பத்து நாளில் வீட்டில் எடுத்த முடிவுகளால் வந்த கெடுதலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அம்மா 4 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக்கி 2 போடுகிறார். அடுத்த முறை டாக்டர் 168-ஐப் பார்ப்பார். பாதி போட்ட கதை அவருக்குத் தெரியாது. "4 பத்தவில்லை" என்று 8 எழுதுவார். அந்த மாதம் மருந்தும் முழுசாகக் கிடைக்கும், அம்மாவும் ஒழுங்காகப் போடுவார். பிறகு ஒரு நாள் காலையில் குளியலறையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார். இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அதனால் அடுத்த தேதியில் டாக்டரிடம் முதல் வார்த்தையே "இத்தனை நாளாகப் பாதிதான் போட்டார்" என்பதாக இருக்கட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சில நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் ஆகாத மருந்துகள் உண்டு. கொழுப்பு மாத்திரை அப்படி. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை உடம்பில் மெதுவாகத்தான் குறையும். ஒரு நாள் தவறினால் பதற வேண்டாம். ஆனால் இன்சுலின், வலிப்பு மருந்து, பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் போன்ற இதய மாத்திரைகள், ரத்தம் உறையாமலிருக்கும் வார்ஃபரின், நாள்பட எடுத்த ஸ்டீராய்டு மாத்திரை, இவற்றில் ஒன்று கவுண்டரில் இல்லை என்றால் "அடுத்த வாரம் வாருங்கள்" என்பதை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பக் கூடாது. அன்றைக்கே வழி கேட்டுத்தான் நகர வேண்டும்.

இனி அந்த "இல்லையாம்" என்ற சொல்லுக்கு வருவோம். அம்மா அதைத் தமிழில் சொன்னார். கவுண்டரில் அவர் காதில் விழுந்தது மலாய். என் அனுபவத்தில் அங்கே மூன்று விதமாகச் சொல்வோம். "ஸ்தோக் ஹாபிஸ்" என்றால் இங்கே இருந்தது தீர்ந்துவிட்டது. "பெலும் சம்பாய்" என்றால் ஆர்டர் போட்டாயிற்று, லோரி இன்னும் வரவில்லை. "சினி மெமாங் தாக் அடா" என்றால் இந்தக் கிளினிக்கில் அந்த மருந்தை வைப்பதே இல்லை. நம் அம்மாக்கள் வீட்டுக்கு வரும்போது மூன்றும் "இல்லையாம்" ஆகிவிடும். மூன்றுக்கும் வழி வேறு வேறு.

கடைசியிலிருந்து சொல்கிறேன், அதுதான் பலருக்குத் தெரியாது. சுகாதார அமைச்சுக்கு ஒரு மருந்துப் பட்டியல் உண்டு. அதில் ஒவ்வொரு மருந்துக்கும் யார் எழுதலாம் என்று எழுத்தால் குறித்திருக்கும். பி என்றால் சாதாரண மருத்துவ அதிகாரி எழுதலாம். சி என்றால் மருத்துவ உதவியாளரே கொடுக்கலாம். ஏ என்றால் நிபுணர். ஏ/கேகே என்றால் கிளினிக்கில் இருக்கும் குடும்ப மருத்துவ நிபுணரும் எழுதலாம். பெரிய மருத்துவமனை நிபுணர் எழுதிய ஏ மருந்தைச் சின்ன கிளினிக்கில் போய்க் கேட்டால், அது அங்கே தீரவில்லை, எப்போதும் இருந்ததே இல்லை. அதற்காக மாதாமாதம் அதே கவுண்டரில் நிற்பதில் பயன் இல்லை. எங்கே இருக்கிறது என்று கேட்டு அங்கே மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாற்றிக்கொள்ள எஸ்.பி.யூ.பி. என்று ஒரு முறை இருக்கிறது. ஓரிடத்தில் எழுதிய சீட்டுக்கு வேறோர் அரசாங்க மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ மருந்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. மருந்தாளர் உங்களுக்கு வசதியான இடத்தைக் கேட்டு, அங்கே மருந்து உண்டா என்று பார்த்து, சீட்டை எழுதித் தருவார். "ஸ்தோக் ஹாபிஸ்" என்ற நாளிலும் இதைக் கேட்கலாம். அதோடு ஒரே மாவட்டத்துக் கிளினிக்குகள் தங்களுக்குள் கடன் வாங்கிக்கொள்வது சகஜம். நான் எத்தனையோ தடவை பக்கத்துக் கிளினிக்குக்குப் போன் போட்டு, "பத்துப் பெட்டி இருக்கா, அடுத்த வாரம் திருப்பித் தருகிறேன்" என்று பக்கத்து வீட்டில் சீனி கேட்பது போலக் கேட்டிருக்கிறேன்.

14 நாள் கொடுத்ததற்கும் காரணம் இதுதான். ஒரு கணக்குக்கு, அந்த மாத்திரையைத் தினம் ஒன்று போடுபவர்கள் 400 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 12,000 வேண்டும். வந்தது 6,000. முதலில் வந்த 200 பேருக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு மற்ற 200 பேரைத் திருப்பி அனுப்புவதா, 400 பேருக்கும் 15 நாளுக்குக் கொடுப்பதா? நான் இரண்டாவதைத்தான் செய்தேன். உங்களுக்கு இரண்டு தடவை கிராப் செலவு. எனக்கு இரண்டு தடவை வரிசை. ஆனால் இதைச் சொல்லிக் கொடுக்காமல் பையை மட்டும் நீட்டினால் அது தப்பு. அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு 140-ஆவது நம்பர் ஓடும்போது வாயிலிருந்து விளக்கம் வராது, "நெக்ஸ்ட்" என்பதுதான் வரும்.

பணம் இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். பாதி ஆம், பாதி இல்லை. மருந்து வருவது மூன்று வழியில். முதல் வழி ஒப்பந்தம்: 1994-இல் அரசாங்க மருந்துக் கிடங்கு தனியார்மயமானது, இன்று ஒப்பந்தப் பட்டியலில் உள்ள மருந்துகளை பார்மனியாகா நிறுவனம் கொண்டுவந்து இறக்குகிறது. இரண்டாவது, அமைச்சே நாடு முழுக்கப் போடும் டெண்டர். மூன்றாவது, அந்தந்த இடத்தில் சொந்தமாக வாங்குவது. முதல் இரண்டில் தட்டுப்பாடு வந்தால் மூன்றாவதுக்குப் போகலாம், ஆனால் அதற்குத் தனியாக ஒதுக்கீடு இருக்க வேண்டும், விலையும் கூடும். அரசாங்கக் கணக்கு டிசம்பர் 31-இல் மூடுகிறது. அதற்குச் சில வாரம் முன்பே ஆர்டர்களை நிறுத்தச் சொல்வார்கள். புது ஆண்டு ஒதுக்கீடு கைக்கு வரும்வரை ஜனவரியில் அலமாரியைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்போம். தைப்பூசம் வரும் நேரம் எப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும் நேரம். தண்ணீர்மலைக் கூட்டம் ஒரு பக்கம், காலி அலமாரி ஒரு பக்கம்.

பணம் இருந்தாலும் கிடைக்காத காலமும் உண்டு. நம் நாட்டில் மாத்திரை தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன, ஆனால் மூலப்பொருள் பெரும்பாலும் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது. 2018-இல் வல்சார்ட்டான் என்ற பிரஷர் மருந்தின் மூலப்பொருளில், சீனாவில் ஓர் ஆலையில், புற்றுநோய் வரவழைக்கக்கூடிய ஓர் அசுத்தம் கலந்திருப்பது தெரிந்தது. பல நாடுகளில் திரும்பப் பெற்றார்கள், இங்கேயும்தான். அதைப் போட்டுக்கொண்டிருந்தவர்களை வேறு மருந்துக்கு மாற்றினால், அந்த வேறு மருந்தின் அலமாரி காலியாகும். ஒரு செங்கல்லை உருவினால் பக்கத்துச் செங்கல் ஆடும் கதை. 2022-இல் ஓமிக்ரோன் அலையில் பாராசிட்டமோலுக்கே தட்டுப்பாடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

நிறம் மாறியதற்கும் இதில்தான் பதில். டெண்டர் மாறினால் தயாரிப்பாளர் மாறுவார், மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறும். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் மாறாது. பையில் ஒட்டிய லேபிளில் மருந்தின் பெயரும் அளவும் அச்சாகியிருக்கும். நிறத்தை விட்டுவிட்டு அந்தப் பெயரைப் பார்க்கப் பழகுங்கள்.

4-க்கும் 5-க்கும் வருவோம். நல்ல கேள்வி இது. ஃபார்மசியில் உங்களை ஏமாற்றவில்லை. அம்மாவின் மருந்து பெரிண்டோப்ரில் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. மருந்து தனியாக நிற்காது, ஓர் உப்போடு சேர்த்துத்தான் மாத்திரையாக்குவார்கள். எர்புமின் என்ற உப்போடு சேர்த்தால் 4 மில்லிகிராம். ஆர்ஜினின் என்ற உப்போடு சேர்த்தால் 5 மில்லிகிராம். சரக்கு ஒன்று, சாக்குதான் வேறு. சாக்கோடு சேர்த்து எடை போட்டதால் எண் மாறுகிறது. அதனால் ஒரு நாளைக்கு ஒன்று 4 போட்டாலும் ஒன்று 5 போட்டாலும் ஒன்றேதான். இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் ஆபத்து.

அந்தச் "சேர்த்துப் போடுவது" பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு கிளினிக்கில் நான் இருந்தபோது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வருவார். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு சின்ன டைரி. இனிப்புநீருக்கு கிளிக்லசைட் 80 போடுபவர். ஒரு மாதம் எங்களிடம் பாதிதான் இருந்தது. மகள் நல்ல மனசோடு வெளியே டையமைக்ரோன் எம்.ஆர். 60 வாங்கிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் எங்களிடம் முழுசாகக் கிடைத்தது. பெரியவர் எதையும் வீணாக்காதவர், டைரியில் குறித்துவைத்து இரண்டையும் போட்டார். இரண்டும் ஒரே கிளிக்லசைட். எம்.ஆர். என்பது மெதுவாகக் கரைவது. அதில் 30 என்பது சாதாரண 80-க்குச் சமம். அப்படியானால் 60 எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, மகளையே யார் என்று கேட்டிருக்கிறார். சீனித் தண்ணீர் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இந்த மருந்தில் சர்க்கரை ஒரு தடவை ஏறினாலும் மறுபடி இறங்கும், அதனால் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

பெட்டியில் பிராண்டு பெயர் பெரிதாக, கிளிக்லசைட் என்பது கீழே சின்ன எழுத்தில். மகளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடுவில் வெளியே வாங்கினீர்களா என்று எங்கள் கவுண்டரில் ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் பையைக் கொடுத்ததில்லை. உங்களிடமும் கேட்கிறேன். வீட்டில் அம்மா மருந்து வைக்கும் ரொட்டி டின் ஒன்று இருக்குமே, அதைத் திறந்து முழுசாகக் கொட்டி எண்ணுங்கள். ஒரே பெயரில் இரண்டு பெட்டி இருந்தால் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். தேதி தாண்டியதும் அம்மாவுக்கு இனி எழுதாததும் இருந்தால் கிளினிக் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுக்கலாம், அவர்கள் முறைப்படி அழிப்பார்கள். ஒரு பக்கம் அலமாரி காலி, இன்னொரு பக்கம் வீட்டு டின்களில் மூன்று மாதச் சரக்கு. இதையும் நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

வெளியே வாங்குவது தப்பில்லை. ஆனால் இந்த மருந்துகளில் பலவற்றை டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டும், அதனால் கிளினிக்கில் "வெளியே வாங்கிக்கொள்கிறேன், சீட்டு எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். ஃபார்மசியில் பிராண்டைச் சொல்லாமல் மருந்துப் பெயரைச் சொல்லிக் கேட்டால் மலிவானது கிடைக்கும். 2025 மே 1-இலிருந்து தனியார் கிளினிக்குகளும் ஃபார்மசிகளும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு கடை ஏறி இறங்கினால் வித்தியாசம் தெரியும். பற்றாக்குறை நாளுக்கு மட்டும் வாங்குங்கள், பெட்டி பெட்டியாக வேண்டாம்.

ஊரிலிருந்து மொத்தமாக வரவழைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அங்குள்ள மருந்து மட்டம் என்று சொல்லவில்லை. நம் ஃபார்மசிகளில் இருப்பதிலேயே நிறைய அங்கிருந்து வந்ததுதான். ஆனால் இங்கே பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கி 8 எண்களும் கடைசியில் எழுத்தும் இருக்கும். ஏதாவது கோளாறு என்றால், 2018-இல் செய்தது போல அந்த எண்ணை வைத்துத்தான் திரும்பப் பெறுவார்கள். உறவினர் பெட்டியில் வந்த மாத்திரையை யார் தேடி வருவார்கள்? இன்சுலின் என்றால் பேச்சே வேண்டாம். அது 2-இலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது, விமானப் பெட்டியில் வேகவைத்துக் கொண்டுவரும் பொருளல்ல.

நம் ஆட்கள் என்பதால் ஒதுக்குகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அலமாரிக்கு இனம் தெரியாது, தம்பி. கம்ப்யூட்டரில் மீதம் 0 என்றால் எல்லாருக்கும் 0. ஆனால் மலாயில் திருப்பிக் கேட்கத் தெரிந்தவருக்கு மாற்று வழி கிடைக்கிறது, தலையாட்டிவிட்டு வருபவருக்குக் கிடைப்பதில்லை. அதை நான் மறுக்க மாட்டேன். அம்மாவுக்கு அந்த இடத்தில் ஒரு குரல் வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: தயாரிப்பாளரை மாற்றிக் கொடுக்க மருந்தாளரால் முடியும். மருந்தையே மாற்ற டாக்டர்தான் எழுத வேண்டும். அதனால் "மாற்று மருந்து உண்டா, டாக்டரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா" என்று கேட்டால், பெரும்பாலும் மருந்தாளரே உள்ளே போன் போட்டுப் பேசிவிடுவார். பெரிண்டோப்ரிலுக்கு அதே வகையில் வேறு மருந்துகள் இருக்கின்றன.

புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் கத்தாதீர்கள், அவள் ஆர்டர் போடுபவள் அல்ல. கிளினிக்கின் பொறுப்பு மருந்தாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதில் தீராவிட்டால் உங்கள் பகுதிக்கு செபராங் பிறை தெங்ஙா மாவட்ட சுகாதார அலுவலகம், அல்லது அமைச்சின் சிஸ்பா இணையப் புகார். "மருந்தே கிடைப்பதில்லை" என்று எழுதினால் மன்னிப்புக் கடிதம்தான் வரும். எந்தத் தேதி, எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளுக்குக் குறைந்தது, மாற்று ஏதாவது சொன்னார்களா என்று எழுதுங்கள். அந்த எழுத்துதான் அடுத்த வருடம் ஒதுக்கீடு கேட்கும் மருந்தாளர் கையில் ஆதாரம்.

கிராப் செலவுக்கு ஒரு வழி: மைஉபாட் செயலியில் மருந்து எடுக்க முன்பதிவு செய்யலாம். சில இடங்களில் தபாலில் அனுப்பும் வசதியும் உண்டு, தபால் செலவு உங்களுடையது, ஆனால் 18 வெள்ளி வராது. உங்கள் கிளினிக்கில் எது உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெருநாள், தீபாவளிக்கு முந்திய வாரம் எடுப்பதைத் தவிருங்கள். ஊர் முழுக்க அந்த வாரம்தான் வரும்.

நடுவில் பிரஷர் 180-க்கு மேல் ஏறி, நெஞ்சு வலியோ, வாய் கோணலோ, கை கால் மரத்துப்போவதோ இருந்தால் கிளினிக் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். 999.

அடுத்த தேதி செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள், அன்று உங்களுக்குக் காலை ஷிப்ட். அப்படியானால் ஒரு தாளில் மூன்றே வரி மலாயில் எழுதி, அம்மாவின் அப்போயின்ட்மென்ட் புத்தகத்துக்குள் வைத்து அனுப்புங்கள். ஹாபிஸா, பெலும் சம்பாயா, சினி மெமாங் தாக் அடாவா? உபாட் கந்தி அடா (மாற்று மருந்து உண்டா)? டி மானா போலே அம்பில் (எங்கே எடுக்கலாம்)? அம்மா வாய் திறக்க வேண்டாம், புத்தகத்தோடு தாளையும் நீட்டினால் போதும். கீழே உங்கள் கைப்பேசி எண்ணையும் எழுதிவிடுங்கள்.